மூன்று முப்பத்தைந்து பஸ்

பேசுகிறவர்களின் பட்டியலில் ஒன்பதாவதாக என் பெயர் இருக்கிறது. குலசேகரம் என்பதை இரண்டாகப் பிளந்து குலா சேகரம் என்று அடித்திருக்கிறார்கள், பரவாயில்லை, இருபத்தேழு வருடமாக இந்த ஊர் என்னைக் குலா என்றுதான் கூப்பிடுகிறது. இப்போது பேசுகிறவர் நாலாவது ஆள். ஆளுக்கு மூன்று நிமிடம். இவருக்கும் எனக்கும் நடுவில் நாலு பேர், நாலு மூன்று பன்னிரண்டு, ஆனால் எழுந்து மைக்குக்கு நடந்து தொண்டையைச் செருமிக் கண்ணாடியைத் தேடி எடுக்க ஆளுக்கு ஒரு நிமிடம் கூட்டி வை, பதினாறு, இவர் முடிக்க இன்னும் இரண்டு, பதினெட்டு. மண்டபத்து மணிக்கூட்டில் இரண்டு ஐம்பத்தெட்டு. மூன்று பதினாறுக்கு என்னைக் கூப்பிட்டால், மூன்று பத்தொன்பதுக்கு நான் முடித்தால், வெளியே வந்து சதுக்கத்தைத் தாண்டி பஸ் தரிப்புக்கு நாலு நிமிடம், மூன்று முப்பத்தைந்து பஸ்ஸைப் பிடித்துவிடலாம். பிடித்தால் நாலு நாற்பதுக்கு கில்டோரன். அந்த பஸ் அங்கே சாரதி தேத்தண்ணி குடிக்க நாற்பது நிமிடம் நிற்கும், ஐந்து இருபதுக்குத் திரும்பும், அதுதான் கடைசி. பஸ் நிலையத்திலிருந்து முதியோர் இல்லத்துக்கு நடந்துபோக எட்டு நிமிடம், வர எட்டு. நாற்பதில் பதினாறு போனால் இருபத்துநாலு. இருபத்துநாலு நிமிடம் என் மனைவி பாக்கியத்துக்குப் பக்கத்தில் இருக்கலாம். நேற்று மூன்று மணித்தியாலம் இருந்தேன், அதற்கு முதல் நாளும் மூன்று, பதினான்கு மாதமாக ஒவ்வொரு நாளும் மூன்று, பனி கொட்டி வீதியை மூடிய அந்த இரண்டு நாளைத் தவிர. இன்று இருபத்துநாலு நிமிடமாவது. நனைந்த கம்பளிக் கோட்டுகளின் மணம் மண்டபம் முழுக்க நிற்கிறது, ஈர நாய் மணம், எனக்கு முன்னால் இருக்கும் கிழவி பெப்பர்மின்ட் இனிப்பைப் பல்லில் உருட்டுகிறாள், டக், டக், அவளுடைய ஒவ்வொரு டக்குக்கும் ஒரு நொடி போகிறது.

காலையில் போயிருக்கலாமே என்று மோராக் கேட்டாள். மோராக் இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவள், பஸ்ஸைக் காப்பாற்றும் எங்கள் குழுவுக்குத் தலைவி. "பத்து இருபது பஸ்ஸில் போய்விட்டு வந்திருக்கலாமே குலா" என்றாள். மோராக்கிடம் கார் இருக்கிறது, கார் இருக்கிறவர்களுக்கு பஸ் என்றால் ஒரு பெரிய கார், நினைத்தபோது போய் நினைத்தபோது வரும். பத்து இருபது பஸ் பதினொன்று இருபத்தைந்துக்குக் கில்டோரனில் ஆட்களை இறக்கி, பதினொன்று முப்பதுக்குத் திரும்பிவிடும். அடுத்தது இரண்டு முப்பது. அதில் வந்தால் கூட்டம் முடிகிற நேரம். விடியற்காலை ஏழு ஐந்தில் போனால், பதினொன்றரைக்கு முன்னால் அவர்கள் உள்ளே விடுவதில்லை, குளிப்பாட்டுகிற நேரம், மாத்திரை கொடுக்கிற நேரம். ஆகவே இன்று போகவில்லை. எப்போதும் போகவேண்டும் என்பதற்காக இன்று ஒருநாள் போகாமல் இந்தக் கதிரையில் இருக்கிறேன். நேற்று வெளிக்கிடும்போது அவளிடம் சொன்னேன், "பாக்கியம், நாளைக்கு நான் வரமாட்டன், ஒரு கூட்டம், நீர் யோசியாமல் இரும்." அவள் என்னுடைய சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, "கூட்டத்துக்குப் போகாதேங்கோ, ஆமி சுற்றி வளைப்பாங்கள்" என்றாள். அவளுக்கு இது எண்பத்தேழாம் ஆண்டு. அல்லது எழுபத்தாறு. எந்த வருடம் என்று நான் உள்ளே போய் அவள் முதல் வசனம் சொல்லும்வரை தெரியாது. ஒரு வருடம் மட்டும் ஒருபோதும் வருவதில்லை, இந்த வருடம். இங்கிலீசு முழுவதும் போய்விட்டது. பத்தொன்பது வருடம் கடையில் நின்று, பேப்பரும் பாலும் தபால் முத்திரையும் விற்று, ஊர்க் கிழவர்களோடு மழையைப் பற்றி அவர்களுடைய உச்சரிப்பிலேயே கதைத்தவள். மேலே பூசிய வெள்ளை மாதிரி அது உரிந்து விழுந்தது, முதலில் மாதங்களின் பெயர், பிறகு நிறங்கள், பிறகு நன்றி, பிறகு ஓமும் இல்லையும். அடியில் தமிழ் இருந்தது. அந்த இல்லத்தில் நாற்பது பேர் கிடக்கிறார்கள், முப்பது பேர் வேலை செய்கிறார்கள், தமிழ் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான், நானும் பஸ்ஸில் வருகிறவன்.

ஐந்தாவது ஆள் எழுகிறார். மூன்று இரண்டு. பரவாயில்லை, கணக்குச் சரியாகத்தான் போகிறது. மடியில் என் தாள், ஒன்றரைப் பக்கம், மோராக் மூன்று தரம் திருத்தியது. "சொந்தக் கதை வேண்டாம் குலா, சொந்தக் கதை எல்லாரும் சொல்வார்கள், அவர்களுக்குக் காது மரத்துப்போயிருக்கும். உங்களுக்குத் தெரிந்தது வேறு ஒருத்தருக்கும் தெரியாது. நீங்கள் சரித்திரம் சொல்லுங்கள்." அது உண்மைதான். இன்வர்கார்வியின் சரித்திரம் இன்வர்கார்விக்காரரைவிட எனக்கு நன்றாகத் தெரியும், கடையில் ஆள் வராத மத்தியானங்களில் வேறென்ன செய்ய. இன்வர் என்றால் ஆறு கடலில் விழுகிற இடம், நாங்கள் முகத்துவாரம் என்போமே, கார்வி அந்த ஆறு. சனிக்கிழமை சந்தை கூட்டலாம் என்று ஓர் அரசன் சாசனம் எழுதிக் கொடுத்தது ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டில். அப்போது இந்த ஊருக்கு வழி கடல் மட்டும்தான், மலைப்பக்கம் மாட்டுத்தடம். பிறகு கல் வெட்டித் துறைமுகம் கட்டினார்கள், ஹெரிங் மீன் வந்தது, நம்முடைய சாளைக்குச் சொந்தக்கார மீன், ஒரு பருவத்தில் இருநூறு படகு, துறைமுகத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கால் நனையாமல் படகு மேலேயே நடந்து போகலாமாம். விரலில் துணி சுற்றிய பெண்கள் வரிசையாக நின்று ஒரு நிமிடத்துக்கு நாற்பது மீன் குடல் எடுப்பார்கள். அந்தப் படத்தைக் கடையில் பிரேம் போட்டு மாட்டியிருந்தேன், பாக்கியம் அதைப் பார்த்து, "எங்கட கரையூர்ப் பெண்டுகள் மாதிரி நிக்கிறாளவை" என்றாள். செவ்வாயும் வெள்ளியும் நீராவிக் கப்பல். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழு ஆனி மாதம் ரயில். பதினெட்டு மைல், ஒற்றைத் தண்டவாளம், நாலு பாலம், முதல் ரயிலுக்குப் பாண்டு வாத்தியம். இதெல்லாம் தாளில் இருக்கிறது. இதை வாசிக்க இரண்டு நிமிடம் பத்து நொடி. வீட்டில் மணிக்கூட்டை முன்னால் வைத்து வாசித்துப் பார்த்தேன், வீட்டில் வேறு ஒருத்தரும் இல்லை, குசினிச் சுவருக்கு வாசித்தேன்.

என்னுடைய துருப்பு அந்தக் கடிதம். ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்துநாலு புரட்டாதியில் இந்த ரயிலை நிறுத்தினார்கள், ஊருக்கு ரயில் லாபமில்லை என்று எங்கோ ஒரு மேசையில் முடிவு. நிறுத்தும்போது ரயில் பகுதி நகரசபைக்கு எழுதிய கடிதம், "ரயிலுக்கு நிகரான பஸ் சேவை நிரந்தரமாக வழங்கப்படும்." நிரந்தரமாக. கில்டோரன் நூலகத்தில் ஒரு பெட்டிக்குள் கிடந்தது, பாக்கியம் மத்தியானம் நித்திரை கொள்ளும் நேரத்தில் போய்ப் போய்த் தேடி எடுத்தேன். நான் ரயில் பகுதியில் இருந்தவன், எனக்குத் தெரியும் ரயில் பகுதிக் கடிதத்தின் பெறுமதி. யாழ்ப்பாணத்து ஸ்டேசனில் டிக்கற் கொடுக்கிற புக்கிங் கிளார்க். தொண்ணூறாம் ஆண்டு ஒருநாள் கொழும்பிலிருந்து வரவேண்டிய ரயில் வரவில்லை, அவ்வளவுதான், ஒருத்தரும் அறிவிக்கவில்லை, ஒருத்தரும் கடிதம் எழுதவில்லை. நான் அடுத்த நாளும் போய்க் கந்தோரைத் திறந்தேன், அதற்கடுத்த நாளும். டிக்கற் அலுமாரியைத் துடைத்தேன். பதினோராம் நாள் போனபோது மேடைக்குக் கிழக்கே தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள், பதுங்குகுழிக்குக் கூரை போட. பாக்கியம் சோற்றுப் பார்சலோடு வந்தாள், கழற்றுகிறதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள், "இனி நீங்கள் மத்தியானம் வீட்டிலயே சாப்பிடலாம்" என்றாள். சிரிப்பு வந்தது, அழுகையும். இங்கே கடிதம் எழுதிவிட்டுக் கழற்றினார்கள், கழற்றிப் பழைய இரும்புக்கு விற்றார்கள், பாலங்களையும்தான். ரயில் மேடை நின்ற இடத்தில் இப்போது சுற்றுலாக்காரரின் கரவன் வண்டிகள். அறுபத்தொரு வருடம் அந்தக் கடிதத்தின் பெயரில் பஸ் ஓடியது. ஒரு நாளைக்குப் பதினொரு பஸ், பிறகு எட்டு, நாங்கள் வந்தபோது ஏழு, இப்போது நாலு. ஐப்பசி கடைசிச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒன்றுமில்லை என்பது சபையின் முன்மொழிவு. முன்மொழிவுதானே. முடிவு இல்லையே. அதற்குத்தானே கூட்டம்.

ஆறாவது ஆளை ஏன் கூப்பிடவில்லை. அந்த அலுவலர் எழும்புகிறார், சபையிலிருந்து வந்த இளம் மனிதர், நல்ல முகம், திரையில் ஏதோ காட்டப்போகிறாராம், கேள்வி வந்ததால் விளக்கமாம். மூன்று ஏழு. கோடுகள், கட்டங்கள், சிவப்புக் கட்டம் எங்களுடையது. ஒரு பஸ்ஸுக்குச் சராசரி நாலு தசம் ஒரு பயணி. அந்த நாலு பேரில் ஒருவன் நான், ஒருத்தி பெப்பர்மின்ட் கிழவி, செவ்வாய்க்கிழமைகளில் கண் வைத்தியரிடம் போகிற ஒருவர். அந்தத் தசம் ஒன்று யார்? எனக்குக் கண்ணில் பார்வை சுருங்கத் தொடங்கிச் சாரதி அனுமதிப் பத்திரத்தைத் திருப்பி வாங்கினார்கள், இரண்டு வருடமாகிறது, கண் வைத்தியர் மிகவும் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டேதான் பாக்கியம் காஸைத் திறந்துவிட்டு அடுப்பு மூட்ட விறகு தேடிப் பின்வளவுக்குப் போனாள். நான் அவளை அங்கே கொண்டுபோய் விட்டேன். நான்தான். கையெழுத்து என்னுடையது. கில்டோரனுக்கே மாறிப்போகச் சொல்லி மகன் பிறிஸ்பேனிலிருந்து சொல்கிறான், அவன் வரைபடத்தில் பார்க்கிறான், விரலால் இழுத்துவிடலாம். அங்கே சபை வாடகைக்குக் கொடுக்கும் வீட்டுக்குப் பதிந்திருக்கிறேன், வரிசையில் நாற்பத்தொன்று. இந்த வீட்டையும் மூடிய கடையையும் வாங்க ஆள் வரவில்லை, பஸ் நிற்கப்போகிற ஊரில் யார் வாங்குவார்கள். முதல் மாதங்களில் ஊரவர்கள் காரில் கொண்டுபோய் விட்டார்கள், ஆளுக்கொரு நாள், அன்பாகத்தான். பிறகு ஒருவருக்கு முதுகு, ஒருவருக்குப் பேரப்பிள்ளை. அவர்கள் என்னைக் கண்டு மறுபக்கம் தாண்டத் தொடங்கமுன்னம் நானே கேட்பதை நிறுத்தினேன். மூன்று பதினைந்து. இன்னும் கட்டம் காட்டுகிறார். தம்பி, போதும், இருந்துவிடு.

ஆறாவது ஆள். மூன்று பதினேழு. சரி, கணக்கைத் திரும்பப் போடு. ஆறு, ஏழு, எட்டு, ஆளுக்கு நாலு நிமிடம், பன்னிரண்டு, மூன்று இருபத்தொன்பதுக்கு நான். மூன்று முப்பத்திரண்டுக்கு முடித்தால், ஓடினால், எழுபத்துநாலு வயதில் ஓடுகிறவனை இயன் பார்த்தால் நிறுத்துவான், இயன் நல்ல சாரதி. அல்லது இப்போதே எழும்பிப் போய்விடலாம். யார் தடுப்பது. தாளை மோராக்கிடம் கொடுத்து, நீ வாசி என்று. ஆனால் மோராக் ஏற்கெனவே பேசிவிட்டாள், ஒருவருக்கு ஒருதரம்தான். நான் போனால் கடிதம் வாசிக்கப்படாது. கடிதம் வாசிக்கப்படாவிட்டால் ஐப்பசிக்குப் பிறகு ஒருநாளும் போகமுடியாது. போனால் இன்றைக்கு இருபத்துநாலு நிமிடம் கிடைக்கும். பேசினால், ஒருவேளை, எல்லா நாளும். ஒருவேளை. இன்று அவள் யாரோடு என்ன கதைத்திருப்பாள். மத்தியானம் சாப்பாட்டோடு ஏதாவது கேட்டிருப்பாள், அவர்கள் சிரித்துத் தலையைத் தடவியிருப்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நான் போகாத நாள் அவள் வாயிலிருந்து வருகிறதெல்லாம் வெறும் சத்தம், குருவிச் சத்தம் மாதிரி, அதுதான் பயம். அவள் சாவது இல்லை பயம். அவள் தெளிவாகப் பேசிக்கொண்டே இருப்பாள், ஒரு பிழையில்லாமல், யாழ்ப்பாணத் தமிழில், வருடக்கணக்காக, கேட்கிற ஒருவருக்கும் அது பேச்சென்று தெரியாமல். ஏழாவது ஆள். இவர் மீன்பிடிக்காரர், எழுதிக்கொண்டு வரவில்லை, கோபத்தில் பேசுகிறார், கோபத்துக்கு மூன்று நிமிடம் காணாது, சபைத் தலைவி மணியை அடித்தபிறகும் பேசுகிறார், சனம் கைதட்டுகிறது, நான் கைதட்டவில்லை, எனக்கு மணிக்கூட்டின் பெரிய முள் மட்டும்தான் தெரிகிறது. மூன்று இருபத்தாறு. எட்டாவது பெப்பர்மின்ட் கிழவி. அவள் மெதுவாக எழுந்தாள், மெதுவாக நடந்தாள், இனிப்பைக் கைக்குட்டையில் துப்பி மடித்தாள், பிறகு சொன்னாள், "எனக்கு எண்பத்தெட்டு வயது. பஸ் போனால் நானும் போனேன்." அவ்வளவுதான். திரும்பி வந்து இருந்தாள். ஒரு நிமிடம்கூட இல்லை. கும்பிடலாம் போலிருந்தது. மூன்று முப்பது. "மிஸ்டர் சேகரம்."

மைக் என் உயரத்துக்குக் கூட. அதைத் தாழ்த்திவிட ஒருத்தர் வந்தார். தாளை விரித்தேன், வணக்கம் சொன்னேன், இங்கிலீசில், என்னுடைய இங்கிலீசு இன்னும் இருக்கிறது. ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் என்று தொடங்கினேன். மேசைக்குப் பின்னால் ஒன்பது பேர், ஒரு பெண் தலையை ஆட்டுகிறாள், ஒருவர் எழுதுகிறார் அல்லது எதையோ கீறுகிறார். ஹெரிங் வந்தது, கப்பல் வந்தது, என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது, ஸ்டேசனில் அறிவிக்கிற குரல். ரயில் வந்தது, பாண்டு வாத்தியம். அப்போது வெளியே அந்தச் சத்தம், சதுக்கத்தில் பஸ் வந்து காற்றை விட்டுக் கதவைத் திறக்கிற சத்தம், உஸ் என்று, பதினான்கு மாதமாக என் உடம்புக்குத் தெரிந்த சத்தம். கால் தானாகத் திரும்பியது. யன்னலில் அதன் கூரை தெரிந்தது, உள்ளே விளக்குப் போட்டிருந்தது, ஒருத்தரும் இல்லை. இப்போது ஓடினால். கடிதம் இரண்டாம் பக்கத்தில் இருந்தது, முதல் பக்கத்தில் நான் எந்த வரியில் நின்றேன் என்று தெரியவில்லை, பாலங்களிலா, பாண்டிலா, எழுத்தெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தது. சபை காத்திருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தாளை மடித்தேன். "என் மனைவி கில்டோரனில் இருக்கிறாள்" என்றேன். "அவளுக்கு நினைவு போய்விட்டது. இங்கிலீசும் போய்விட்டது. அவள் பேசுகிறது இந்தப் பகுதியில் எனக்கு மட்டும்தான் விளங்கும். நான் பஸ்ஸில்தான் போகிறேன்." மோராக் தலையைக் குனிந்ததைக் கண்டேன். வேறென்ன சொல்லவேண்டும் என்று தேடினேன், நிரந்தரமாக என்ற சொல் ஒன்று எங்கோ இருந்தது, அதைச் சொல்லவேண்டும், "நிரந்தரமாக என்று எழுதியிருக்கிறது" என்றேன், எதில் எழுதியிருக்கிறது என்று சொல்லமுன்னம் மணி அடித்தது. சின்ன மணி, மேசை மணி. வெளியே கதவு மூடுகிற உஸ். என்ஜின் சத்தம் சதுக்கத்தைச் சுற்றி மீன்சந்தைப் பக்கம் திரும்பிப் போனது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

சபைத் தலைவி நல்ல மனுசி. மைக்கை மூடிக்கொண்டு பக்கத்தவரோடு கதைத்துவிட்டு, "மிஸ்டர் சேகரம், உங்களுடைய நிலைமைக்கு எங்கள் எல்லோருடைய மனமார்ந்த அனுதாபம்" என்றாள். "ஆனால் தனிப்பட்ட பராமரிப்பு விடயங்கள் இந்தக் குழுவின் கீழ் வரவில்லை. அதற்கு வேறு பிரிவு இருக்கிறது. வெளியே போகும்போது படிவம் கேளுங்கள்." இளம் அலுவலரிடம் கடிதத்தைக் கொடுத்தேன், அவர் நின்றபடியே முழுவதையும் வாசித்தார், மரியாதையாக, இரண்டு தரம். "அருமையான ஆவணம். ஆனால் இதை எழுதிய அமைப்பு இப்போது இல்லை, இதைப் பெற்ற நகரசபையும் இப்போது இல்லை" என்றார். எழுதியவனும் இல்லை, வாங்கியவனும் இல்லை, நடுவில் நிரந்தரம் மட்டும் கிடக்கிறது. பத்தும் பதினொன்றும் பன்னிரண்டும் பேசியதைக் கேட்டேனா என்று தெரியாது. வாக்கெடுத்தார்கள். கையை உயர்த்தினார்கள், ஏழு கை, எதிரே இரண்டு. ஐப்பசி கடைசிச் சனிக்கிழமை. தாள்களை அடுக்கும் சத்தம். பெப்பர்மின்ட் கிழவி எழும்பாமல் இருந்தாள், யாரோ அவளுடைய கோட்டை எடுத்துக் கொடுத்தார்கள். மோராக் வந்து என் கையைப் பிடித்தாள், அவளுடைய கண் சிவந்திருந்தது. "நான்தான் பிழை விட்டேன் குலா. உங்களை அதையே முதலில் சொல்லவிட்டிருக்க வேண்டும்." "அதுவும் உதவியிருக்காது" என்றேன். அது ஆறுதலுக்குச் சொன்னதில்லை. "சனிக்கிழமை நான் கூட்டிக்கொண்டு போகிறேன், கட்டாயம்" என்றாள். சனிக்கிழமை. இன்று புதன்.

வெளியே மழை விட்டிருந்தது. துறைமுகத்தில் இரண்டு படகு, ஒன்றில் ஒருவன் வாளியால் தண்ணீர் இறைத்தான். பஸ் தரிப்பில் போய் இருந்தேன், ஏன் என்று தெரியாது, இனி இன்றைக்கு பஸ் இல்லை, வீட்டில் போய்ச் செய்யவும் ஒன்றுமில்லை. நாலு இருபது. போயிருந்தால் இப்போது கில்டோரனுக்கு இருபது நிமிடம் இருக்கும், அந்தக் கல்லுடைக்கிற மலையைத் தாண்டியிருப்பேன். இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஷோனா என்கிற பராமரிப்புப் பிள்ளை எடுத்தாள், பாக்கியத்தில் பட்சமான பிள்ளை. "குலா, உங்களுக்கு ஒரு சந்தோசமான செய்தி வைத்திருக்கிறேன்" என்றாள். "உங்கள் மனைவிக்கு இன்று ஓர் இங்கிலீசுச் சொல் திரும்பி வந்துவிட்டது! காலையிலிருந்து கடில், கடில் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்." கடில் என்றால் கட்டியணைக்கிறது. "நாங்கள் எல்லோரும் ஒவ்வொருவராகப் போய்க் கட்டிப்பிடித்தோம், சமையல்காரர்கூட வந்தார். கட்டிப்பிடித்தால் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறார், விட்டால் திரும்பவும் கேட்கிறார்." பாக்கியம் தன் ஆயுளில் ஒருத்தரிடமும் அதைக் கேட்டவள் இல்லை, என்னிடம்கூட. "ஷோனா, அவள் எப்படிச் சொன்னாளோ அப்படியே சொல்லிக் காட்டு" என்றேன். அவள் யோசித்தாள். "கூ... கூடல். கூதல். அப்படித்தான், கொஞ்சம் இழுத்து." கூதல். நான் அவளுடைய அறை அலுமாரிக் கதவில் முப்பது தமிழ்ச் சொல்லை இங்கிலீசு எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன், தண்ணி, பசி, நோவு, கழிப்பறை. குளிர் என்றுதான் எழுதியிருக்கிறேன். படித்தவன் புத்தி. குளிர் என்று அவள் எப்போது சொன்னாள், பிறந்ததிலிருந்து அவளுக்குக் கூதல்தானே. "ஷோனா, அவளுக்குக் குளிர்கிறது" என்றேன். "காலையிலிருந்து குளிர்கிறது என்று சொல்லியிருக்கிறாள்." "கடவுளே" என்றாள், மிகவும் சின்னக் குரலில். யன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது, போர்வை எடுக்க ஓடுகிற காலடி. திரும்பி வந்து அழுதாள். "அழாதே, உனக்கு எப்படித் தெரியும்" என்றேன். "போனை அவளுடைய காதில் பிடிப்பாயா?"

போனில் அவளோடு கதைத்து மாதக்கணக்காகிறது, முகமில்லாத குரல் அவளைக் குழப்பும் என்று விட்டிருந்தேன். மூச்சுச் சத்தம் வந்தது. "பாக்கியம்" என்றேன். "பாக்கியம், இப்ப கூதல் குறைஞ்சுதோ? நல்லாப் போர்த்துக்கொண்டு இரும்." "ஆரது?" என்றாள், தெளிவான குரல், கடையில் நின்ற காலத்துக் குரல். "தம்பி, தமிழ் கதைக்கிறியள். யாழ்ப்பாணமே?" "ஓம்" என்றேன். "நல்லதாப் போச்சு. இஞ்ச ஒருத்தருக்கும் விளங்குதில்ல தம்பி. நல்ல சனங்கள், வந்து வந்து கொஞ்சுதுகள், ஆனால் சொன்னால் விளங்குதில்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, எங்கட அவர் ஸ்டேசனிலதான் வேலை. புக்கிங் கந்தோர். அந்தப் பக்கம் போனால் அவரைக் கண்டு சொல்லுவியளே? நான் இஞ்ச நிக்கிறன் எண்டு. கூதலாக் கிடக்கு, வந்து கூட்டிக்கொண்டு போகட்டாம் எண்டு." படகில் இருந்தவன் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஏணியில் ஏறி வந்தான், என்னைக் கண்டு கையை உயர்த்தினான், நானும் உயர்த்தினேன். "சொல்லுறன் அம்மா" என்றேன். "கட்டாயம் சொல்லுறன்."